சர்க்கரைப் பள்ளிக்கூடத்துக் கோழி இறகு

என் புருஷன் எனக்குச் சொந்த மாமா. அம்மாவின் உடன்பிறந்த தம்பி. நான் பிறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. நான் நடை பழகிய நாளில், என் இரண்டு காலையும் தன் பாதங்கள் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடத்துவாராம். அம்மா சொல்லும். பதினெட்டு வயதில் என்னை அவருக்கே கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். தாலி ஏறுவதற்கு முன்னாலும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், ஏறிய பிறகும் அப்படித்தான். அதனால் எனக்கு ஒரே நாளில் இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் மாமா கண்டக்டர். சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவரைத் தாகம் பிடித்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். குடித்ததெல்லாம் வழியிலேயே இறங்கும். வண்டி வெள்ளாற்றைத் தாண்டியதும் ஒரு தடவை, ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை, முதுநகர் வருவதற்குள் இன்னொரு தடவை. விசில் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டுப் புளியமரத்தின் பின்னால் ஓடுவார்.

டிரைவர் அவருக்குச் சிநேகிதர். எட்டிப் பார்த்துக் கத்துவாராம்: "மச்சான், இந்த ரோட்டு மரமெல்லாம் உன்னாலதான்டா காய்க்குது!"

"கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்பிங்கு எது? நீங்க நெனைக்கிற எடமா?" என்று பின்னாலிருந்து எவனாவது கேட்பான். வண்டியே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். பெல்ட்டில் ஆணியைக் காய்ச்சி நான் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு வேகமாக இளைத்தார்.

சிதம்பரத்து டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார். வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமைதோறும் இந்த வியாதிக்கு வகுப்பு நடக்கிறது, புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் போங்கள் என்றார்.

பெரிய மைதானத்துக்கு அந்தண்டை ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி, அதன் பின்னால் தகரக் கொட்டகை. சனிக்கிழமை காலையில் இருபது இருபத்தைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் துணி சுற்றிய ஒரு பாட்டில், உள்ளே அன்றைக்குக் காலையில் பிடித்த மூத்திரம். தெருவில் போகிறவர்கள் அதைச் சர்க்கரைப் பள்ளிக்கூடம் என்பார்கள். மாமா வண்டியின் காலை நடை கடலூரில் முடிந்து அடுத்த நடை கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும். நான் அதே வண்டியில் அவர் கூடவே வந்து இறங்குவேன். காக்கிச் சட்டையோடு வகுப்பில் உட்காருவார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கு யாரும் உட்காரவைத்து ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. இங்கே ஒரு நர்ஸ் எனக்கு நோட்டுக் கொடுத்து எழுது என்றார். மாமாவுக்கு வியாதி வந்த பிறகுதான் நான் மறுபடி பென்சிலைப் பிடித்தேன். சந்தோஷமாகப் பிடித்தேன்.

எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்போம். தெற்கத்திக்காரர், வேதக்காரர், கழுத்தில் சிலுவை தொங்கும். பெரிய குரல். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள். ரொம்ப இருந்தால் செங்கல் நிறம். குழாயைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். நீலம் வந்தவருக்குக் கைதட்டு.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வீட்டு அக்கா வருவார். முட்லூரில் எங்கள் வண்டியைத்தான் பிடிப்பார். புருஷன் பினாங்கில் கடை வைத்திருந்தார். அவர் பாட்டிலைச் சிஸ்டர் எடுக்கும்போதே, "என்னோடத எதுக்குக் காய்ச்சுறீங்க? அது செங்கச் சூளைதான். ஸ்பிரிட்டு மிச்சமாவட்டும்" என்பார்.

"இந்த வாரம் என்ன தின்னீங்க?"

"ஒண்ணுமே திங்கல சிஸ்டரு. பினாங்குலேந்து டின்னு பாலு வந்துச்சு. அத யாராச்சும் குடிக்கணும்ல?"

மாமாவுக்குப் பக்கத்தில் மஞ்சக்குப்பத்துத் தையல்காரர் ஒருவர் உட்காருவார். அளவெடுக்கிற நாடா கழுத்திலேயே கிடக்கும். அவருக்கும் செங்கல்தான் வரும். "நமக்கெல்லாம் செவப்புக் கட்சிங்க" என்று மாமாவின் தொடையில் தட்டுவார்.

அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமை போட்ட காலம் அது. எங்கள் தெருவில் அதைக் கோழிக்குப் போட்டார்கள். அதை எப்படி உடைத்துக் கஞ்சி வைப்பது, எப்படி ரொட்டி சுடுவது என்று சிஸ்டர் காட்டினார். சோறு ஒரு கைப்பிடிதான், தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்றார். நான் அப்படியே செய்தேன். மாமா முதல் நாள் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "அடியே, இது டயருக்குப் பேட்ச் போடுறதுடி" என்றார். ஆனால் தின்றார்.

ஒரு சனிக்கிழமை கால்களைப் பற்றிய பாடம். இந்த வியாதியில் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது, அங்கேதான் புண் வைக்கும் என்றார் சிஸ்டர். ஒரு கோழி இறகை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் இறகால் தொடுவார். தொட்டது தெரிந்தால் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும்.

பரங்கிப்பேட்டை அக்காவுக்குத் தொடுவதற்கு முன்னாலேயே சிரிப்பு. தையல்காரர் காலை உதறி, "யம்மா, கூசுது! கல்யாணத்தன்னிக்குக்கூட யாரும் என்னை இப்படித் தொடலைங்க" என்றார். கொட்டகை அதிர்ந்தது. ஒரு கிழவருக்குத் தெரியவில்லை. அவரிடம் சிஸ்டர், "நின்னு பாக்கிற வேலையெல்லாம் இனி கூடாதுய்யா. ஒங்க மொதலாளிக்கு நான் லெட்டர் எழுதித் தாரேன்" என்றார்.

அடுத்தது மாமா. கண்ணை மூடினார். இறகு உள்ளங்காலில் பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மறுபடி பட்டது. அப்போதும் இல்லை. சிஸ்டர் குனிந்து இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கண்டக்டர் வேலை நின்று பார்க்கிற வேலை. லெட்டர் போனால் முதலாளி மறுநாளே வேறு ஆளைப் போடுவார். மாமா பஸ்ஸை விட்டு வேறு என்ன செய்வார்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெஞ்சுக்குக் கீழே அவர் கை என் கை மேல் இருந்தது. அடுத்த தடவை இறகு பட்டதும் அவர் சுண்டுவிரலை அழுத்தினேன்.

"ஆச்சு" என்றார் மாமா.

மறுபடி அழுத்தினேன். "ஆச்சு." சிஸ்டர் இடது காலுக்குப் போனார். அழுத்தினேன். "ஆச்சு, ஆச்சு."

"முதல்ல ரெண்டு தடவ ஏன் சொல்லல?" என்று கேட்டார் சிஸ்டர்.

"வெக்கமா இருந்துச்சு சிஸ்டர்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் நோட்டில் சரி போட்டார்.

வெளியே வந்து சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதிய பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். "நீ பாஸ் பண்ணி வுட்டுட்டடி" என்றார். அவர் கால் காய்த்துப்போன கால், பதினைந்து வருஷம் பஸ்ஸில் நின்ற கால், அதனால்தான் இறகு தெரியவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவரும் அப்படித்தான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பினோம்.

அந்த மாசமே நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அம்மா ஊர். அங்கே திரௌபதை அம்மனுக்கு ஆடியில் தீமிதி. அம்மாவோடு போய்ச் சந்நிதியில் நின்றபோது, "மாமா பாட்டிலு நீலமாயிடணும் தாயே. ஆயிடுச்சுன்னா அடுத்த ஆடிக்கு அவரு தீ மிதிப்பாரு" என்றேன். அவரைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. பெண்கள் எங்கள் ஊரில் தீ மிதிப்பதில்லை. மிதிக்கலாம் என்றால் நானே மிதிக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

கோதுமையும் மாத்திரையும் நடையும் சேர்ந்து வேலை செய்தன. தை மாசத்தில் குழாய் மஞ்சளாக நின்றது. மாசியில் பச்சை. சித்திரையில் ஒரு சனிக்கிழமை சிஸ்டர் விளக்கை விட்டு எடுத்துத் தூக்கிப் பிடித்தார். நீலம். ஊற்றியபோது இருந்த அதே நீலம். சிஸ்டரே முதலில் தட்டினார். தையல்காரர் எழுந்து நின்று தட்டினார். "கட்சி மாறிட்டாருங்கோ!" என்றார். நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டேன்.

வண்டியில் திரும்பும்போது வேண்டுதலைச் சொன்னேன். மாமா முகம் மலர்ந்து போயிற்று. "இத ஏன்டி இத்தன நாளா சொல்லல? அம்மன் குடுத்ததுடி இது. மிதிக்கிறேன்" என்றார்.

முட்லூரில் இறங்குவதற்கு எழுந்த பரங்கிப்பேட்டை அக்கா காதில் இது விழுந்துவிட்டது. "ஏ புள்ள, நெருப்புலயா எறங்கப் போறாரு? சிஸ்டருட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

"இது சாமி விஷயங்கக்கா."

"சாமி சாமிதான், யாரு இல்லேங்குறா? காலு ஒம் மாப்ள காலுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் வேறு, நாம் வேறு, இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை. வேதக்காரர், வேண்டாம் என்பார். அவர் வேண்டாம் என்று சொல்லி நாங்கள் போனால் தப்பு, போகாவிட்டால் அம்மனுக்குத் தப்பு. சொல்லாமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தேன். அந்த வயசில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

ஆடியில் மாமா லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து காப்புக் கட்டிக்கொண்டார். பத்து நாள் மஞ்சள் வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, கோயிலிலேயே படுக்கை. புருஷன் பெண்சாதி சேரக் கூடாது. சேரவில்லை. ஏழாம் நாள் சாப்பாடு கொண்டுபோனபோது நான் அவர் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். இளைத்து, தாடியோடு, அழகாக இருந்தார். அந்தக் கையைப் பிடித்ததைப் பற்றியே பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீமிதி அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரம். புளிய விறகு எரித்த குழி. நெருப்பைக் கிளறி மட்டமாகப் பரப்பியிருந்தார்கள். பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காய்ந்தது. கரகம் முன்னால் இறங்கியது. பின்னால் ஒவ்வொருவராக ஓடினார்கள். ஐந்து எட்டு, ஆறு எட்டு, அந்தப் பக்கம் இருக்கிற பால்குழியில் குதித்தார்கள். ஜனங்கள் கோவிந்தா போட்டார்கள்.

மாமா ஓடவில்லை. நடந்தார். கை கூப்பிக்கொண்டு, பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டு நடப்பார் பாருங்கள், அந்த நடை. நடுவில் கொஞ்சம் நின்றமாதிரிகூட இருந்தது. என்னைத் தேடினார். பார்த்தார். சிரித்தார். ஜனம் ஒரே சத்தமாகக் கோவிந்தா என்றது. ஒரு பெண்ணுக்கு அங்கேயே சாமி வந்துவிட்டது. என் அம்மா தரையில் விழுந்து கும்பிட்டது.

"எப்பிடிடா இருந்துச்சு தம்பி?" என்று அம்மா கேட்டது.

"ஒண்ணுமே தெரியலக்கா. பூ மேல நடந்தமாரி இருந்துச்சு."

அந்த வார்த்தை ஊரெல்லாம் போயிற்று. 'பூ மேல நடந்தமாரி இருந்துச்சாம்.' டிரைவர் அதைச் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் கொண்டுபோனார். நான் பெருமையில் மிதந்தேன். கோழி இறகு எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை.

மறுநாள் காலையில் பாயைச் சுருட்டினேன். அவர் கால் வைத்திருந்த இடம் ஈரமாக இருந்தது. வலது உள்ளங்காலில் தோல் வெள்ளையாகத் தூக்கி, ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே பச்சைச் சதை. நான் கத்தப் போனேன். அவர் வாயைப் பொத்தினார்.

"கத்தாத. வலிக்கலடி. சத்தியமா வலிக்கல."

"அம்மாகிட்ட சொல்றேன்."

"யாருகிட்டயும் சொல்லாத. கொப்புளம் போட்டுச்சுன்னா என்னா சொல்லுவாங்க? வெரதம் தப்பிட்டான்னு சொல்லுவாங்க. ஒன்னயுந்தான்டி சேத்துப் பேசுவாங்க."

எங்கள் ஊரில் அப்படித்தான். தீ மிதித்தவன் காலில் கொப்புளம் வந்தால் அவன் விரதத்தில் குறை. அவன் வீட்டுக்காரியை எல்லோரும் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். எனக்குப் பிள்ளை வேறு இல்லை. ஏற்கெனவே அது ஒரு பேச்சு. பூ மேல் நடந்தவர் என்று ஊரே கும்பிடுகிறபோது, புண்ணை எப்படிக் காட்டுவது? நான் அவர் கையைப் பிடித்ததால்தான் வந்தது என்று வேறு உள்ளுக்குள் பயந்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, துணி சுற்றிவிட்டேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போனார். அதே காலில் நின்று நாள் முழுக்க டிக்கெட் போட்டார். அவருக்குத்தான் வலிக்கவில்லையே.

இரண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. சிஸ்டர் கொடுத்திருந்த நீல மருந்தை வீட்டில் நானே காய்ச்சிப் பார்த்தேன். செங்கல். நோட்டில் எழுதவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை டிரைவர்தான் விடவில்லை. "மச்சான், வண்டிக்குள்ள ஏதோ செத்துக் கெடக்குது, நானும் நாலு நாளா சீட்டு அடியெல்லாம் தேடுறேன்" என்றவர், மாமாவின் செருப்பைக் குனிந்து பார்த்தார். மஞ்சக்குப்பத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்துத் தானே கூட்டிக்கொண்டு வந்தார். துணியைப் பிரித்ததும் முன் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். பெருவிரல் கறுத்திருந்தது.

"எப்ப பட்டது?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வண்டி இஞ்சின் பானட்டு சூடு பட்டுடுச்சு சிஸ்டர்" என்றார் மாமா.

பரங்கிப்பேட்டை அக்கா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சிஸ்டர் பழைய நோட்டைத் திருப்பினார். "இறகு வச்சுப் பாத்தப்ப ஒழுங்காத்தானம்மா சொன்னாவ? ரெண்டு காலுக்கும் சரி போட்டிருக்கேனே. நல்லா உணர்ச்சி இருக்கிற காலுல இவ்வளவு ஆழத்துக்கு எப்படி விட்டீங்க?" என்று என்னிடம் கேட்டார். திட்டவில்லை. புரியாமல் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமாவின் கை என் கையைத் தேடி வந்தது. இந்தத் தடவை அவர் அழுத்தினார். சொல்லாதே என்று அழுத்தினாரா, பரவாயில்லை என்று அழுத்தினாரா, எனக்குத் தெரியாது.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதலில் பாதம். எட்டு நாள் கழித்து முழங்கால் வரைக்கும். அம்மா ஊரிலிருந்து வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. நான் இந்தப் பக்கம். டாக்டரிடம் கடைசியில் தீமிதி என்று அம்மாதான் சொன்னது. டாக்டர் பேனாவை மூடினார்.

இரண்டாவது தடவை அறுத்த பிறகு ஒரு மத்தியானம் மாமா என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் அனலாக அடித்தது.

"எரியுதுடி."

"எங்க மாமா?"

"காலு. உள்ளங்காலு. நெருப்புல வச்சமாரி எரியுது."

"எந்தக் காலு மாமா?"

"அந்தக் காலுதான்டி. தண்ணி ஊத்து."

அந்தக் கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே வெறும் விரிப்பு. இருந்தபோது ஒரு இறகுகூடத் தெரியாத கால், போன பிறகு எரிந்தது. "ஊத்துடி, ஊத்துடி" என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் சொம்பை எடுத்து அந்த வெறும் விரிப்பில் ஊற்றினேன். ஆயா ஓடிவந்து, "பைத்தியமா நீ? மெத்தைய நனைக்கிற?" என்று சத்தம் போட்டாள். மாமா மட்டும், "ஆங், ஆங், இன்னும் கொஞ்சம்" என்றார். எரிச்சல் அடங்கவில்லை. அடுத்த நாலு நாளும் அடங்கவில்லை. எரிகிறது, எரிகிறது என்று சொல்லிக்கொண்டேதான் போனார்.

காரியம் முடிந்து அம்மா ஊரிலேயே இருந்துவிட்டேன். அம்மா என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. ஆனால் தம்பி செத்ததற்கு அழும்போது என்னைப் பக்கத்தில் சேர்க்காது. மகளுக்குப் புருஷன் போனதற்கு அழும்போது கட்டிக்கொள்ளும். எப்போது எதற்கு அழுகிறது என்று முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஆடி வந்தது. தீமிதி அன்று நான் வீட்டை விட்டு வெளியே போவதாக இல்லை. தாலி அறுத்தவள் அங்கே போகவும் கூடாது. காலையில் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது கோயில் பக்கத்திலிருந்து மஞ்சள் வேட்டியோடு ஒருவர் வந்து, கொஞ்சம் தண்ணீர் கேட்டார். கழுத்தில் நாடா இல்லாததால் உடனே அடையாளம் தெரியவில்லை. மஞ்சக்குப்பத்துத் தையல்காரர்.

"நீயாம்மா! நல்லாருக்கியா? எனக்கும் பச்சையில வந்து நிக்குதும்மா, இப்ப. ஓம் வூட்டுக்காரரு மிதிச்ச கோயிலுன்னு தேடிக்கிட்டு வந்தேன். காப்புக் கட்டி இன்னியோட பத்து நாளு."

"அண்ணே, வேணாண்ணே. அவருக்குக் காலு போனதே அதாலதாண்ணே."

"அப்பிடியெல்லாம் சொல்லாதம்மா, தப்பு. பானட்டு சூடுதானே? அவரே சொன்னாரே, நான் பக்கத்துலதானே இருந்தேன். நெருப்புல பூ மேல நடந்தமாரி நடந்தவரும்மா அவரு."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "அவருக்குக் காலுல உணர்ச்சியே இல்லண்ணே. சிஸ்டர் எறகால தொட்டப்ப நாந்தான் வெரல அமுக்கிச் சொல்லிக் குடுத்தேன். அவருக்குத் தெரியவே இல்லண்ணே."

அதை நான் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. நம்பிக்கை இல்லை. "துக்கத்துல பேசுற. வூட்டுக்குப் போம்மா" என்று காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மேளச் சத்தம் கேட்டதும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா தடுக்கத் தடுக்கப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால், பால்குழிப் பக்கம் நின்றேன். கரகம் இறங்கியது. நாலைந்து பேர் ஓடினார்கள். அப்புறம் தையல்காரர். கை கூப்பிக்கொண்டு, மாமா நடந்தமாதிரியே நடக்கவேண்டும் என்று நினைத்திருப்பார் போல, மெதுவாக முதல் காலை வைத்தார்.

"ஐயோ!" என்று ஊளையிட்டார். துள்ளினார். இரண்டாவது கால் பட்டதும் இன்னும் உயரமாகத் துள்ளினார். கூப்பிய கை பிரிந்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, வெந்நீர் பட்ட பூனை மாதிரி நாலே தாவலில் பால்குழியில் வந்து விழுந்தார். கோவிந்தா போட வாயைத் திறந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னாய்யா, நெருப்புல கோலாட்டம் ஆடுற?"

"வெரதத்துலயே பிரியாணி துன்னுட்டு வந்துருப்பாரு மஞ்சக்குப்பத்தாரு!"

"போன வருசம் நம்ம கண்டக்டரு நடந்தாரே, அது பக்தி. சும்மா பூவுல நடந்தமாரி."

தையல்காரர் பாலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"எனக்குப் பக்தி பத்தலம்மா" என்றார்.

"வலிக்குதாண்ணே?"

"உசுரு போவுதும்மா."

அவர் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்திருந்தது, அவ்வளவுதான். நான் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மாமா ஒரே ஒரு தடவை இப்படித் துள்ளியிருக்கக் கூடாதா, ஊர் சிரித்திருந்தால் என்ன, நானும் சேர்ந்து சிரித்திருப்பேனே என்று நினைத்தேன். அந்த நினைப்பில் வாய்விட்டுச் சொன்னேன்:

"நல்லா வலிக்கட்டும்ணே. நல்லா வலிக்கட்டும்."

சுற்றி இருந்தவர்கள் சிரிப்பு நின்றது. ஒரு பொம்பளை, "அடிப்பாவி, தாலி அறுத்த கையோட வந்து சாபம் குடுக்குறா பாரு" என்றாள். தையல்காரர் பாலிலிருந்து காலை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அம்மா என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம், "ஏன்டி அப்பிடிச் சொன்ன? அந்த ஆளு உனக்கு இன்னாடி பண்ணாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. எந்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இறகிலிருந்து ஆரம்பித்தால் அம்மாவின் தம்பியை நான் கொன்ற கதையாகத்தான் அது முடியும்.

அந்தச் சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன். அதே டிரைவர். என்னிடம் புதுக் கண்டக்டரை டிக்கெட் கேட்கவிடவில்லை. முட்லூரிலேயே ஏறியிருந்த பரங்கிப்பேட்டை அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிஸ்டரிடம் சொல்லிவிடலாம், இனிமேல் இறகு வைக்கும்போது வீட்டு ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள் என்றாவது சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கி, திரும்பிப் பார்த்து, "வா புள்ள" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, வண்டி திரும்புகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.